மகாராணி பார்த்த கலகக்காரர்

1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் யூசுப் கான் தூக்கிலிடப்பட்டார். கும்பெனியின் தளபதியாக இருந்து கும்பெனியையே எதிர்த்தவர். 1997 அக்டோபர் 16 அன்று, அவரைப் பற்றிய 'மருதநாயகம்' படத்தின் துவக்க விழாவுக்கு, சென்னை எம்.ஜி.ஆர். திரைப்பட நகருக்கு இரண்டாம் எலிசபெத் வந்தார். முதல்வர் கருணாநிதியும் இருந்தார். கும்பெனி ஆட்சியை 1858இல் தன் கைக்கு எடுத்துக்கொண்ட கிரீடம், கும்பெனி தூக்கில் போட்டவரின் கதைக்குச் சிறப்பு விருந்தினர். இதில் யாருக்கும் கூச்சம் வரவில்லை என்பதுதான் என் பிரச்சினை.

இரண்டு நாள் முன்புதான் ராணி அமிர்தசரஸில் இருந்தார். ஜாலியன்வாலாபாக்கில் மலர்வளையம் வைத்தார், மன்னிப்புக் கேட்கவில்லை. செத்தவர்களின் எண்ணிக்கை மிகை என்று கணவர் பிலிப் சொல்லிவைத்தார். அங்கே மௌனம், இங்கே கைதட்டல். 1919க்குக் கணக்குக் கேட்க ஆள் இருந்தது. 1764க்கு யார் கேட்பது? கேட்க ஆளில்லாத சாவுதான் சுலபமாகப் 'பாரம்பரியம்' ஆகிறது. தூக்குமரம் செட்டாகிறது, அவ்வளவுதான்.

யூசுப் கானைச் சுதந்திர வீரர் ஆக்கிவிட்டாலும் பிரச்சினை தீராது. பூலித்தேவர் மேல் கும்பெனிக்காகப் படையெடுத்தவரும் இதே ஆள்தான். அதிகாரத்தின் கையாளாக இருந்து அதிகாரத்துக்கே பகையான இந்த முரண்தான் அவரை முக்கியமாக்குகிறது. ஒற்றை நாயகக் கதையாடலுக்குள் இது அடங்காது.

பெயரையும் பாருங்கள். மருதநாயகம் என்பது அவர் மதம் மாறுமுன் இருந்ததாகச் சொல்லப்படும் பெயர். மக்கள் வாயில் அவர் கான்சாகிபு. நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல் 'கான்சாகிபு சண்டை'. மதுரையில் கான்சா மேட்டுத் தெரு இருக்கு. சம்மட்டிபுரத்தில் தர்கா இருக்கு. எடுத்தவர்களின் நோக்கத்தை நான் பேசவில்லை. பெயர் செய்கிற வேலையைப் பேசுகிறேன். பாபர் மசூதி இடிக்கப்பட்டு ஐந்தே வருஷத்தில், ராணியின் முன் வைக்கப்பட்ட கலகக்காரரின் பெயரில் முஸ்லிம் இல்லை.

படம் முடியவில்லை. ஆனால் அந்த விழாவின் தர்க்கம் முடியவில்லையா என்ன? 1996இல் மெட்ராஸ் சென்னையானது. 2004 முதல் ஆகஸ்ட் 22 'மெட்ராஸ் தினம்'. 1639இல் கும்பெனிக்கு நிலம் கிடைத்த நாள் ஊரின் பிறந்தநாளாகிறது. அதற்கு முன்பே இருந்த மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் அப்போது எந்த ஊர்? பழைய கட்டிடத்தை நேசிப்பது குற்றமில்லை. செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் சுவரும் தூணும் அழகுதான். ஆனால் மதுரை முற்றுகையை நடத்திய கும்பெனி நிர்வாகம் உட்கார்ந்திருந்ததும் இந்தக் கோட்டையில்தான். கட்டிடத்தை மட்டும் வைத்துக்கொண்டு அங்கிருந்து போன கட்டளைகளை மறந்துவிடுகிற ஞாபகத்துக்குப் பெயர் வரலாறு இல்லை. ஆகஸ்ட் மாத நடைப்பயணங்களில் கோட்டை வாசலில் நிற்கும்போது, மதுரையில் தொங்கியவர் பெயரையும் யாராவது சொல்லட்டும். கான்சாகிபு என்றே சொல்லட்டும்.