மாசுகளை மறைக்காத ஒரு மடல்

திருவிழாக் காலங்களில் ஆலய வாயிலில் விற்பனையாகும் புனிதர் வரலாற்று நூல்களைப் படிப்போர்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பே. இவர்கள் என்றேனும் சினந்ததுண்டா? பிடிவாதம் பிடித்ததுண்டா? தொட்டிலிலேயே தவத்தைத் தொடங்கிக் கல்லறை வரை வழுவாது நடந்தவர்களாகவே அவர்கள் அந்நூல்களில் காட்சி தருகின்றனர். நாமும் வியக்கிறோம், வணங்குகிறோம். பின்தொடர மட்டும் துணிவதில்லை. இக்குறைக்கு மருந்தாக நான் பரிந்துரைக்கும் நூல் கத்தோலிக்கர் எழுதியதன்று. ஸ்காட்லாந்தின் பிரஸ்பிட்டேரியன் குடும்பத்தில் பிறந்த ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், 1890 பிப்ரவரி 25ஆம் நாள் சிட்னியில் எழுதி முடித்த திறந்த மடலே அது.

மடல் பிறந்த சூழலைச் சுருங்கக் கூறலாம். பெல்ஜியத்தில் 1840இல் பிறந்த தமியான் அடிகள், 1873 மே திங்களில், ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான மொலோக்காயில் தொழுநோயாளர் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த இடத்திற்குச் சென்றார். அவர்களோடு வாழ்ந்து, அந்நோய்க்கே ஆளாகி, 1889 ஏப்ரல் 15 அன்று உயிர் துறந்தார். உலகம் அவரைப் போற்றிய வேளையில், ஹொனலுலுவிலிருந்த சீர்திருத்த சபைப் போதகர் ஹைட் மற்றொரு போதகருக்கு எழுதிய மடலொன்று சிட்னி இதழில் அச்சேறியது. தமியான் முரடர், அழுக்கானவர், பிடிவாதக்காரர், ஒழுக்கம் தவறியவர். நோய் வந்ததும் அதனால்தான் என்பது அதன் சாரம். (டாக்டர் ஜெக்கிலின் கதையில் வரும் தீயவனுக்கு ஸ்டீவன்சன் 1886இலேயே ஹைட் என்று பெயரிட்டிருந்தார். தற்செயல்தான், ஆயினும் புன்னகைக்காமல் இருக்க முடிவதில்லை.)

இத்தகைய பழிக்கு விடையிறுப்போர் பெரும்பாலும் ‘அனைத்தும் பொய்’ என்றே தொடங்குவர். ஸ்டீவன்சன் அவ்வாறு செய்யவில்லை. முரடரா? இருக்கலாம் என்கிறார். அழுக்கானவரா? ஆம் என்கிறார். பிடிவாதக்காரரா? ஆம், அந்தப் பிடிவாதத்திற்காக இறைவனுக்கு நன்றி என்கிறார். அவர் தமியானை நேரில் கண்டவரல்லர். தமியான் மறைந்த சில வாரங்களில் மொலோக்காய் சென்று, ஏறத்தாழ ஒரு வாரம் தங்கி, தமியானை வாழ்நாளில் எதிர்த்துநின்ற சீர்திருத்த சபையாரிடமே செய்தி திரட்டினார். புகழ்ந்துரைக்கக் காத்திருந்த கத்தோலிக்கரை வேண்டுமென்றே ஒதுக்கினார். நம் வரலாற்றாசிரியர்களுள் எத்தனை பேர்க்கு இத்துணிவு உண்டு?

அவ்வாறு திரட்டியவற்றுள் இரண்டினை என்னால் மறக்க இயலவில்லை. இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் குருவான சாப்மன் என்பார் திரட்டி அனுப்பிய பணத்தைத் தமியான் கத்தோலிக்கருக்கே ஒதுக்கிவிடுகிறார். நெடுநேரம் எடுத்துரைத்தபின், தம் தவற்றை முழுமையாக ஒப்புக்கொண்டு பட்டியலைத் திருத்துகிறார். மற்றொன்று அவர் நடத்திய சிறுவர் இல்லம். அது ஒழுங்கும் தூய்மையுமின்றி வளர்ந்துகொண்டே போகிறது. அலுவலர்கள் அதற்கொரு கேலிப்பெயர் சூட்டி அவர்முன்னரே சொல்லி நகைக்கின்றனர். அவரும் மனம் கோணாது உடன் நகைக்கிறார். பிறகு தம் வழியிலேயே தொடர்கிறார். தங்க முலாம் பூசிய எந்தச் சுரூபத்திலும் காணாத தமியானை நான் இங்கே கண்டேன். இறையருள் இயல்பை அழிப்பதில்லை, நிறைவாக்குகிறது என்று அக்குவினா தோமையாரிடம் பாடமாகக் கற்றோம். அது நடந்தேறும் விதத்தை இம்மடல் காட்டுகிறது. பேதுருவின் மறுதலிப்பை நற்செய்தியாளர் நால்வருள் ஒருவரேனும் மறைக்கவில்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, மடலின் குறைகள். ஒழுக்கக் குற்றச்சாட்டைப் பற்றி, ஒளிவுமறைவின்றிப் பேசிய எவரும் மொலோக்காயில் இதைச் சொல்லவில்லையே என ஸ்டீவன்சன் வினவுவது வலுவான வாதம். அதனோடு நில்லாமல், ஹைட் வாழ்ந்த வசதியான வீட்டை இகழத் தொடங்கும்போது நடுவர் இருக்கையை விட்டு இறங்கிவிடுகிறார். வீட்டின் அழகு ஒருவரது சாட்சியத்தைப் பொய்யாக்காது. ஹைட்டை அத்துணைக் கடுமையாகத் தாக்கியதற்காக அவரே பின்னாளில் ஒரு நண்பருக்கு எழுதிய மடலில் வருந்தினார். எழுத்துக்குரிய பணத்தையும் பெற மறுத்தார்.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. நோயாளர்கள் இம்மடலில் அச்சமூட்டும் காட்சியாக மட்டுமே வருகின்றனர். குடும்பத்தினின்று பிரிக்கப்பட்டுக் கப்பலேற்றப்பட்ட அந்த ஹவாய் மக்களுள் ஒருவருக்கேனும் பெயரில்லை, பேச்சில்லை. தமியானோ, நோய் தம்மைத் தீண்டுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, மறையுரையில் அவர்களைத் தம்மோடு சேர்த்து ‘நாம்’ என்றே குறிப்பிட்டவர். ஸ்டீவன்சன் இறுதிவரை ‘அவர்கள்’ என்றே எழுதுகிறார்.

2009 அக்டோபர் 11 அன்று பதினாறாம் பெனடிக்ட் திருத்தந்தை தமியானுக்குப் புனிதர் பட்டம் அளித்தார். மடல் சிறியது, ஒரு மாலைப் பொழுதில் படித்துவிடலாம். ஆங்கிலம் அறிந்த பிள்ளைகள் வீட்டிலிருந்தால் உரக்கப் படித்துப் பொருள் சொல்லச் சொல்லுங்கள். சிறுவர் இல்லத்தைப் பற்றிய பகுதியை மட்டும் தாண்டிச் செல்ல விடாதீர்கள்.