எடைக் கட்டத்தில் அடங்காத வீடு

‘புஷ்டியான பிள்ளை’ என்பது எங்கள் ஆரணியில் இன்னும் பாராட்டுதான். பசியை நெடுங்காலம் பார்த்த நெசவாளர் தெருவில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் எப்படி வரும்? அதே பிள்ளை போஷன் டிராக்கர் செயலியில் ‘உடற்பருமன்’ ஆகிறது. 2021 மார்ச்சில் வந்த செயலி அது. அங்கன்வாடிப் பணியாளர் உயரத்தையும் எடையையும் பதிந்தால், உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலை வைத்து வகை பிரித்துவிடும். தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் மிகை எடையுள்ளோர் 2015-16இல் 2.1 விழுக்காடு, 2019-21இல் 3.4. ‘நல்லாத்தானே இருக்கு’ என்று நாம் விட்டுவிடுகிற பிள்ளையைக் காட்டித்தர இந்தக் கணக்கு வேண்டும்தான்.

வகை பிரித்த பிறகு என்ன? ‘தாய்க்கு ஆலோசனை வழங்கப்பட்டது.’ அறிக்கைகளுக்குப் பிடித்த இந்தச் செயப்பாட்டு வினைக்குள் இரண்டு பெண்கள் காணாமல் போகிறார்கள்.

முதலில் தாய். ஆரணிப் பட்டை நெய்பவர் என்று ஊர் ஆணையே சொல்கிறது. தார் சுற்றுகிறவளுக்கு, பாவுக்குக் கைகொடுக்கிறவளுக்கு அந்தக் கூலியில் தனிப் பங்கில்லை. வீட்டின் நடுவே தறி. இழையில் பிள்ளை கைவைத்தால் சேலை போயிற்று. ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டும் கைப்பேசியும்தான் அதை ஓரிடத்தில் உட்காரவைக்கின்றன. இதை அறியாமை என்பது மோசமான வாசிப்பு. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத வீடு அதற்குக் கொடுக்கும் விலை அது. (அப்பாவுக்கு ஏன் ஆலோசனை இல்லை என்று யாரும் கேட்பதில்லை.)

அடுத்தவள் அங்கன்வாடிப் பணியாளர். தறியருகே உட்கார்ந்து பேசினால்தான் இதெல்லாம் தெரியவரும். தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 1980இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், அந்தந்த ஊர்ப் பெண்களே மாதந்தோறும் எடை பார்த்து, அட்டையில் குறித்து, தாய்மாரோடு பேசினார்கள். இன்று அந்தப் பேச்சுக்கான நேரத்தைத் திரை தின்கிறது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துணவுக்கு 2025 ஜூலை முதல் முகப்பதிவும் கட்டாயம். இவ்வளவுக்கும் மத்திய அரசு 2018 அக்டோபரில் நிர்ணயித்தது மாதம் 4,500 ரூபாய். மாநிலம் அதற்குமேல் சேர்க்கிறது. மத்தியக் கணக்கில் அதன் பெயர் ஊதியம் அல்ல, ‘மதிப்பூதியம்’. மதிப்பை ஒட்டவைத்துக் கூலியைக் குறைக்கும் சொல்.

செயலியை வீசிவிடச் சொல்லவில்லை. பதிவு வேலையைக் குறைத்து, வீடு தேடிப் போகும் நேரத்தை ஊதியமுள்ள வேலையாகக் கணக்கிடவேண்டும். அங்கன்வாடியோடு குழந்தைக் காப்பகத்தை இணைக்கும் ‘பால்னா’ திட்டம் மத்திய அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தறித்தெருக்களில், தறி ஓடும் நேரம் முழுக்க, பிள்ளைகள் ஓடியாட இடம்விட்டு நடத்தட்டும். பிறகு அந்தத் தாயிடம் பாக்கெட்டைப் பற்றிப் பேசலாம்.