கப்பை எண்ணாமல் ஐ.பி.எல். பார்ப்பது எப்படி?

ஐ.பி.எல். நடக்கும் மாதங்களில் பெரிய காஞ்சிபுரம் ராஜ வீதி டீக்கடைகளில் எந்த வாக்குவாதமும் ஒரே கேள்வியில் முடிந்துவிடும்: "கப்பு எத்தனை?" சென்னைக்கு 5, மும்பைக்கு 5. அதோடு பேச்சு தீர்ந்தது. ஆனால் ஒரு பயிற்சியாளரின் வேலையை ரசிக்க வேண்டுமென்றால் இந்தக் கேள்வி போதாது.

ஸ்டீபன் ஃபிளெமிங்கையே எடுத்துக்கொள்வோம். 2009 முதல் சென்னைக்குப் பயிற்சியாளர். சென்னை தடையில் இருந்த 2016, 2017-ல் மட்டும் புனே. 2025 வரை 17 சீசன்கள். அவற்றில் 10 முறை அவருடைய அணி இறுதிப் போட்டிக்குப் போயிருக்கிறது: சென்னையோடு 9, புனேயோடு 1. வென்றது 5, தோற்றது 5. இந்தப் பாதிக்குப் பாதியை நன்றாகப் பாருங்கள். காசு சுண்டிப் போட்டிருந்தாலும் ஏறக்குறைய இதுதான் வந்திருக்கும். ஆனால் 10 முறை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது காசு சுண்டி வந்ததில்லை. எட்டிலிருந்து பத்து அணிகளில் இரண்டுதான் இறுதிக்குப் போக முடியும். எல்லா அணியும் சமம் என்றால் 17 சீசனில் நாலு தடவை போயிருக்கலாம். (பிளே-ஆஃப் கணக்கைக் காட்டி மார்தட்டுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. எட்டிலோ பத்திலோ நாலு அணி உள்ளே போய்விடும்; அது பாஸ் மார்க், அவ்வளவுதான்.)

அடுத்து, எவ்வளவில் தோற்றார்கள் என்று பாருங்கள். 2017, ஹைதராபாத்: மும்பை 129, புனே 128. 2019, அதே மைதானம்: மும்பை 149, சென்னை 148. இரண்டிலும் தோற்ற பயிற்சியாளர் ஃபிளெமிங், வென்றவர் மஹேல ஜயவர்தன. 2019 ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்கும்போது, கடைசிப் பந்தில் மலிங்கா எடுத்த எல்.பி.டபிள்யூவோடு நின்றுவிடாதீர்கள். ஷேன் வாட்சனைப் பாருங்கள். முந்தைய ஆண்டு இறுதியில் ஆட்டமிழக்காமல் 117 அடித்தவர், அந்த ஆண்டு லீக் சுற்றில் பல ஆட்டங்களில் சொதப்பினார். வேறு அணியாக இருந்தால் பெஞ்சில் உட்கார வைத்திருக்கும். சென்னை நீக்கவில்லை. அன்று முழங்காலில் ரத்தம் கசிய 59 பந்துகளில் 80 அடித்து, கடைசி ஓவரில் ரன் அவுட் ஆனார். யாரை எடுத்தார்கள் என்பதைவிட யாரை நீக்காமல் விட்டார்கள் என்று கவனித்துப் பழகுங்கள். பயிற்சியாளரின் மனசு அங்கேதான் தெரியும்.

பிள்ளையார்பாளையத்தில் தறியோடு வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. விருது வாங்கிய புடவையை எல்லாரும் பார்ப்பார்கள். ஆனால் அடுத்த பாவு யாருக்குப் போகும்? எந்தப் புடவையிலும் கோர்வை பிசகாத நெசவாளிக்கு.

இதே அளவுகோலை எல்லா ஆட்டத்துக்கும் வைக்கக் கூடாது. என்.பி.ஏ. பாஸ்கெட்பாலில் இறுதிச் சுற்று ஏழு ஆட்டம். நாலு வென்றாக வேண்டும். ஒரு நாள் அதிர்ஷ்டத்தை வைத்துக்கொண்டு அங்கே ஒப்பேற்ற முடியாது. அதனால் அங்கே கப்புக்கு மதிப்பு கூடுதல். யூட்டா ஜாஸ் அணியை 1988 முதல் 2011 வரை நடத்திய ஜெர்ரி ஸ்லோனுக்கு ஒரு கப்புகூட இல்லை. 1997, 1998 இரண்டு ஆண்டும் இறுதிச் சுற்றில் 4-2 என்று தோல்வி. ஆனால் எதிரே இருந்தது மைக்கேல் ஜோர்டனின் சிகாகோ. 1998-ன் கடைசி ஆட்டம் 87-86. எதிரே யார் என்று கேட்காமல் ஸ்லோனைத் தோற்றவர் கணக்கில் எழுதுவது அநியாயம். சான் அன்டோனியோவின் கிரெக் பாப்போவிச்சுக்கோ 5 கப்பு. 2013-ல் ஏழாவது ஆட்டம் வரை இழுத்து மயாமியிடம் தோற்றார். 2014-ல் அதே மயாமியை 4-1 என்று வென்றார். அந்த வெற்றியைவிட, அப்படித் தோற்ற மறுவருஷமே அணியைத் திரும்பவும் இறுதிக்குக் கூட்டிவந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மும்பை ரசிகர் சும்மா இருக்க மாட்டார். "நாங்கள் 6 இறுதியில் 5 வென்றோம், அதில் மூன்று உங்களை அடித்து" என்பார். உண்மைதான், ஒப்புக்கொள்ளுங்கள். ஃபிளெமிங்கைக் குறைசொல்ல வேண்டுமானால் வேறு இடம் இருக்கிறது. 2024, 2025 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் சென்னை பிளே-ஆஃப் போகவில்லை. அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. 2025-ல் பத்து அணிகளில் பத்தாவது இடம். ஒரு ரன்னில் போன 2019 கப்பை அவர் பேரில் எழுதாதீர்கள். இந்த இரண்டு ஆண்டுகளை எழுதுங்கள்.