இசட்-இண்டெக்ஸ் 99999: டெவ்டூல்ஸ் காட்டுவதும் சொல்லாமல் விடுவதும்

ஒரு டிராப்டவுனைத் திறந்தால் பாதி மெனு ஹெடருக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. உடனே பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான்: இசட்-இண்டெக்ஸை 10லிருந்து 100 ஆக்குவது, அப்புறம் 9999, அப்புறம் 99999. பிரவுசர்கள் ஏற்கிற உச்ச எண் 2147483647. அதையே போட்டாலும் சில சமயம் மெனு மேலே வராது. ஏன் வரலைன்னு டெவ்டூல்ஸ்கிட்ட கேட்டா நேரடியான பதில் கிடைக்குமா? பெரும்பாலும் கிடைக்காது. இந்தக் கருவிகள் அடுக்குகளைப் படமாகக் காட்டுகின்றன. தோற்றதற்குக் காரணம் என்ன என்பதைத் தேடுகிற வேலை நம்முடையதாகவே இருக்கிறது.

முதலில் பிரச்சினை என்ன என்று பார்த்துவிடுவோம். இசட்-இண்டெக்ஸ் பக்கம் முழுக்கச் செல்லுகிற எண் இல்லை. ஒவ்வொரு ஸ்டேக்கிங் கான்டெக்ஸ்ட்டுக்குள்ளும் தனித்தனியாகத்தான் அந்தப் போட்டி நடக்கிறது. டிபன் கேரியரை நினைச்சுக்கோங்க. அடித்தட்டில் சோற்றுக்கு மேல் அப்பளத்தை எவ்வளவு உயரமா அடுக்கினாலும், மேல்தட்டில் இருக்கிற பொரியலைத் தாண்டி அது வராது. ஹெடருக்கு எண் 2, அதன் பக்கத்து செக்‌ஷனுக்கு 1 என்றால், அந்த செக்‌ஷனுக்குள் இருக்கிற மெனுவின் 99999க்கு வெளியே மதிப்பே கிடையாது. 1க்கும் 2க்கும் நடுவில் விஷயம் முடிந்துவிட்டது.

இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் புதுத் தட்டு எப்போது உருவாகிறது என்பதுதான் வம்பு. ஒபாசிட்டியை 0.99 ஆக்கினால் போதும். டிரான்ஸ்ஃபார்ம், ஃபில்டர், கிளிப்-பாத், வில்-சேஞ்ச், பொசிஷன் ஸ்டிக்கி என்று பட்டியல் நீளம். அனிமேஷனுக்காக யாரோ எழுதிய ஒரு வரி, வேறு ஃபைலில் இருக்கும் மெனுவை மூழ்கடிக்கும். எழுதியவருக்கும் தெரியாது, மாட்டியவருக்கும் புரியாது.

இப்போது கருவிகளுக்கு வருவோம். 2012-ல் ஃபயர்பாக்ஸ் 11 ஒரு 3டி வியூ கொடுத்தது. பக்கத்தைச் சாய்த்துச் சுற்றிப் பார்க்கலாம், பார்க்கவே அழகு. ஆனால் அதில் உயரம் காட்டியது எச்டிஎம்எல்லில் ஒரு எலிமென்ட் எத்தனை படி உள்ளே இருக்கிறது என்பதை. எது எதை மறைக்கிறது என்பதை அல்ல. 2016-ல் ஃபயர்பாக்ஸ் 47-லிருந்து அது இல்லை. எட்ஜ் 2020-ல் கொண்டுவந்த 3டி வியூ இன்னும் கொஞ்சம் யோசித்துச் செய்யப்பட்டது. இசட்-இண்டெக்ஸுக்கென்றே தனி டேப். புது ஸ்டேக்கிங் கான்டெக்ஸ்ட் உருவாக்குகிற எலிமென்ட்களை மட்டும் காட்டச் சொல்லலாம். இருந்தும், பெரிய பக்கத்தில் அது அடுக்குமாடிக் கட்டடத்தை ஹெலிகாப்டரிலிருந்து பார்ப்பது மாதிரி. நமக்கு வேண்டியது ஒரே ஒரு வீட்டின் கதவு எண்.

குரோமின் லேயர்ஸ் பேனல் பெயராலேயே குழப்புகிறது. அது காட்டுவது கம்பாசிட்டிங் லேயர், அதாவது பிரவுசர் வரைவதை வேகப்படுத்தப் பிரித்துவைக்கிற துண்டுகள். 0.99 ஒபாசிட்டி உள்ள பெட்டி ஸ்டேக்கிங் கான்டெக்ஸ்ட்தான். ஆனால் அந்தப் பேனலில் தனி லேயராக வரவேண்டிய கட்டாயம் இல்லை. போதாக்குறைக்கு 2022-ல் கேஸ்கேட் லேயர் என்று மூன்றாவது ஒன்றும் வந்துவிட்டது. அதற்கும் அடுக்குகிற வரிசைக்கும் சம்பந்தமே இல்லை. புதிதாகக் கற்கிறவர் ‘லேயர்’ என்று தேடினால் தவறான இடத்தில் போய் நிற்பார்.

உருப்படியான வேலைகள் சத்தமில்லாமல்தான் நடந்திருக்கின்றன. ஃபயர்பாக்ஸ் 2019-லிருந்து பலன் தராத சிஎஸ்எஸ் வரிகளை மங்கலாக்கி, ஏன் என்று ஒரு வரியும் சொல்கிறது. குரோம் 2022-லிருந்து டயலாக் போன்றவை டாப் லேயருக்குப் போனால் எலிமென்ட்ஸ் பேனலிலேயே அடையாளம் வைக்கிறது. ஸ்டேக்கிங் கான்டெக்ஸ்ட் இன்ஸ்பெக்டர் என்ற எக்ஸ்டென்ஷன் இன்னும் நெருங்கி வருகிறது: தேர்ந்தெடுத்த எலிமென்ட் எந்தத் தட்டில் இருக்கிறது, அது தானே ஒரு தட்டா, எந்த வரியால் என்று எழுத்தில் சொல்லும். படம் இல்லை, 3டி இல்லை. ஆனாலும் பயன் அதிகம்.

அதிலும் ஒரு குறை மிச்சம். எல்லாமே ஒரு எலிமென்ட்டைத்தான் விசாரிக்கின்றன. நம் கேள்வியில் எப்போதும் இரண்டு பேர் இருக்கிறார்கள்: மெனு, அதை மறைக்கிற ஹெடர். இரண்டையும் கிளிக் செய்தால், ‘இவை இந்த இடத்தில் பிரிகின்றன, அங்கே 1-ஐ 2 வென்றது, அந்த 1 இந்த ஃபைலில் இந்த வரியில் இருக்கிறது’ என்று சொன்னால் போதும். பிரவுசர் பக்கத்தை வரைவதற்கே இந்த வரிசையைக் கணக்கிட்டாக வேண்டும். கையிலிருக்கிற விடையை நம்மிடம் சொல்லத்தான் வழி செய்யவில்லை.

அதுவரை இதைக் கையால்தான் செய்ய வேண்டும். கன்சோலில் எலிமென்ட்ஸ்-ஃபிரம்-பாயின்ட் மெத்தடுக்கு ஒரு புள்ளியைக் கொடுத்தால், அங்கே மேலிருந்து கீழாக யார் யார் என்று பட்டியல் வரும். (பாயின்டர்-ஈவென்ட்ஸ் நன் போட்டவை மட்டும் அதில் வராது.) மறைப்பவர் யார் என்று தெரிந்ததும், இருவரிடமிருந்தும் பெற்றோர் வழியே மேலே ஏறி, இருவருக்கும் பொதுவான எலிமென்ட் வரை வாருங்கள். வழியில் தட்டு உருவாக்குகிற வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பொது எலிமென்ட்டுக்கு உள்ளே இரு பக்கமும் முதலில் வருகிற தட்டுகளை ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். அங்கே ஒரு 1-ஐ 3 ஆக்கினால் போதும், 99999-ஐ அழித்துவிடலாம்.