வலியறிதல்: பத்துக் குறளுக்கும் ஒரே கணக்கு

வலியறிதல் (அதிகாரம் 48) பற்றி மாணவர்கள் எழுதும் விடைகளில் ஒரு பழக்கம் உண்டு. முதல் ஆறு குறளுக்குப் போர் விளக்கம். 477 வந்ததும் ‘சிக்கனம்’ என்று தனிப் பத்தி. ஒரே அதிகாரம் நடுவுல ரெண்டா உடைஞ்சு போகுது. படைவலி பேசிய வள்ளுவர் ஏன் கடைசி நான்கு குறளில் வரவு செலவுக்குப் போனார்? இதைக் கேட்காத விடை பாதி விடைதான்.

டிப்ளோமசி என்ற பலகை விளையாட்டைப் பாருங்கள். ஆலன் கால்ஹாமர் உருவாக்கி 1959இல் வெளிவந்தது. ஏழு நாடுகள், 34 வழங்கல் மையங்கள். பகடை கிடையாது. கையில் எத்தனை மையமோ அத்தனை படைதான் வைத்திருக்க முடியும். சம வலியுள்ள படைகள் மோதினால் யாரும் நகர முடியாது. இன்னொரு படை துணை நிற்கணும். தொடக்கத்தில் பெரும்பாலான நாடுகளுக்கு மூன்றே படை என்பதால் பக்கத்து நாட்டின் தயவு தேவை. குறள் 471 சொல்லும் நான்கு வலியும், செயல், தான், எதிரி, துணை என, முதல் நகர்விலேயே வந்துவிடும். வருவாய்தான் படை என்பதால் 478உம் கூடவே வரும்.

நம் ஊர் வரலாறும் இதையே காட்டுகிறது. ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் கிள்ளான் யாரிடமோ, ஈய வரியும் அவரிடம். 1867இல் ராஜா மஹாடி அதை ராஜா அப்துல்லாவிடமிருந்து கைப்பற்றினார். தன் வலி, மாற்றான் வலி இரண்டிலும் அவர் கணக்கு சரி. ஆனால் சுல்தான் அப்துல் சமாட்டுக்குச் சேர வேண்டிய வருவாயைத் தரவில்லை. அவர் ஆதரவு போச்சு. சுல்தானின் மருமகன் துங்கு குடின் எதிரணியில் சேர்ந்தார். 1870இல் கிள்ளான் மஹாடியின் கையை விட்டுப் போனது. குடினுக்கும் முழு வெற்றி இல்லை. 1872இல் பறிபோன கோலாலம்பூரை மறுவருடம் மீட்கப் பகாங் படை வர வேண்டியிருந்தது. 1874இல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் சிலாங்கூருக்கு வந்தார். துணைக்கும் விலை உண்டு.

அதிகாரத்தில் ஓர் இடைவெளியும் இருக்கிறது. 471இல் துணைவலியைச் சொன்னவர் அடுத்த ஒன்பது குறளில் அதை விரிக்கவில்லை. இருதரப்புத் துணைவர் வலியையும் எடைபோடச் சொல்லிப் பரிமேலழகர் கொஞ்சம் நிரப்புகிறார். அந்தத் துணைவரை நம்பலாமா என்ற கேள்விக்கு நட்பாராய்தல் (80) வரை போகணும். இதை நான் குறையாகப் பார்க்கவில்லை. படையை எண்ணலாம், வருவாயை எண்ணலாம்; நண்பனின் மனத்தை எண்ண முடியாது. எண்ணக்கூடியதை மட்டும் இந்த அதிகாரத்தில் வைத்தார் என்றே தோன்றுகிறது.

மாணவர்களே, விடையில் 475இன் மயிலிறகு வண்டியை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். சிறுசிறு பாரம் சேர்ந்து அச்சு முறிகிறது. சிறுசிறு செலவு சேர்ந்து செல்வம் தீர்கிறது. 475ஐயும் 480ஐயும் இப்படி ஒரே வாக்கியத்தில் இணைத்துக் காட்டினால், பத்துக் குறளும் ஒரே கணக்கு என்பது புரிந்துவிடும்.