தரஃபாவின் மூன்று இன்பங்களும் ஸுஹைரின் ஒரு முகமும்

அரபு மதரஸாக்களில் ஏழு முஅல்லகாக்கள் ஓதிக்கொடுக்கப்படுகையில், தரஃபாவின் கஸீதா வந்ததும் பல வகுப்புகளில் ஒருவகைக் கூச்சம் தலைகாட்டுவதைக் காண்கின்றோம். ஏறத்தாழ முப்பது பைத்துகள் ஓடும் ஒட்டக வருணனை நிதானமாக ஓதப்படும். அந்த ஒட்டகத்தின் விலா எலும்புக்கும் வால் மயிருக்கும் சொற்பொருள் விரிவாகச் சொல்லப்படும். அதன்பின், தன் வாழ்வின் இன்பங்கள் இவையெனக் கவிஞன் வாய் திறக்கும் இடம் வந்ததும் உஸ்தாதின் குரல் விரைவு கொள்ளும். ஜாஹிலிய்யாக் காலத்துப் பேச்சு என்ற ஒரு சொல்லோடு ஏடு புரட்டப்படும். பதினெட்டு வயது மாணவன் எந்த இடத்தில் கண்ணை அகல விரிக்கின்றானோ அந்த இடத்திலேயே பாடம் ஓடிவிடுவது முறைதானா என்பதே நம் வினா. இதே கஸீதாவின் ஓரடியைப் பெருமானார் (ஸல்) அவர்கள் எடுத்தாண்டதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது திர்மிதீயில் உள்ளது. நாம் மட்டும் ஏன் அஞ்ச வேண்டும்?

கவிஞனை முதலில் அறிந்துகொள்வோம். கி.பி. ஆறாம் நூற்றாண்டில் பக்ரு குலத்தில் தோன்றியவன் தரஃபா. இளமையிலேயே தந்தையை இழந்தான். தாயின் உரிமையை உறவினர் மறுத்தனர். ஹீராவின் அரசன் அம்ரு இப்னு ஹிந்தை இகழ்ந்து பாடினான். அதற்குக் கைம்மாறாக, அவனைக் கொல்லும்படி பஹ்ரைன் ஆளுநருக்கு எழுதிய ஓலையை அவன் கையிலேயே கொடுத்தனுப்பினான் அரசன் என்று பழைய ராவிகள் கூறுவர். உடன் சென்ற தாய்மாமன் முதலம்மிஸ் தம் ஓலையை வழியில் பிரித்துப் படிக்கச் செய்து, உள்ளதை அறிந்து, ஆற்றில் எறிந்து தப்பினார். தரஃபாவோ முத்திரையை உடைக்க மறுத்துச் சென்று மாண்டான். அப்போது அவன் வயது 26 என்பதை அவன் சகோதரி கிர்னிக்கின் இரங்கற்பாவால் அறிகின்றோம். கையிலுள்ள கடிதத்தைப் பிரித்துப் பாராத அத்துணிவை வீரமென்பதா, விளையாட்டென்பதா? அந்த வயதில் இரண்டுக்குமிடையே வேலி கிடையாது.

இத்தகையவன் தன் கஸீதாவில், மூன்று இன்பங்கள் மட்டும் இல்லாதிருப்பின் தான் எப்போது இறந்தாலும் கவலையில்லை என்கின்றான். முதலாவது, பழிப்போர் விழித்தெழுமுன் அருந்தும் மது. மூன்றாவது, மேகம் கவிந்த நாளில் கூடாரத்தில் ஒரு பெண்ணின் துணை. இவ்விரண்டையும் கண்டு முகம் சுளித்து நகர்ந்துவிடுகின்றோம். நடுவில் நிற்கும் இரண்டாவதை யார் பார்க்கின்றார்? எதிரிகளால் சூழப்பட்ட ஒருவன் அபயக் குரல் எழுப்புங்கால், அவனைக் காக்கக் குதிரையைத் திருப்பிப் பாய்வதே அது. மதுவுக்கும் மங்கைக்கும் இடையில், பிறர் துயர் துடைத்தலையும் தன் இன்பமென்றே கணக்கிடுகின்றான் அந்த இளைஞன். கடமையென்று கூறவில்லை, புகழென்று கூறவில்லை. இன்பம் என்றே கூறுகின்றான். மாணவனுக்குக் காட்டவேண்டிய இடம் இதுவேயெனக் கருதுகின்றோம்.

ஆயினும் தரஃபாவை அளவுக்கு மீறிப் புகழ நாம் முற்படவில்லை. அந்தப் பைத்தைச் சற்று நெருங்கிப் பாருங்கள். அபயம் கேட்டவனுக்கு அதில் கிடைப்பது ஒரே ஒரு சொல். எஞ்சிய இடமெல்லாம் குதிரையின் வளைந்த காலுக்கும், நீர்த்துறை நாடும் வழியில் வெருட்டப்பட்ட ஓநாய்க்கும் போய்விட்டது. காப்பாற்றப்பட்டவன் யார், பிழைத்தானா, என்ன சொன்னான் என்பதொன்றும் இல்லை. பாய்ச்சலின் இன்பம் பாய்ந்தவனோடு நின்றுவிடுகின்றது. கஸீதாவின் பிற்பகுதியில் அவன் விருந்திடும் காட்சியும் அவ்வாறே. வாளோடு புகுந்து அவன் அறுப்பது ஒரு முதியவருடைய உயர்ந்த ஒட்டகத்தை. அவர் முணுமுணுக்கின்றார், இளைஞர் கூட்டம் இறைச்சியைச் சுட்டு உண்கின்றது. அடுத்தவர் பொருளில் செய்யப்படும் கொடை! ஹாத்திம் தாயீயும் தம் இளமையில், மேய்க்கக் கொடுத்த பாட்டனாரின் ஒட்டகங்களை வழிவந்த கவிஞர் மூவருக்குப் பங்கிட்டு, பாட்டனாரால் கைவிடப்பட்டார் என்பர். இளமையின் ஈகை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றது போலும். எல்லா வீட்டிலும் ஒரு பாட்டனார் இதற்குச் சாட்சி சொல்வார்.

தரஃபா ஏன் வாரி இறைக்கின்றான்? கஞ்சனின் கபுறும் ஊதாரியின் கபுறும் ஒரேவிதமான மண்மேடுகளே என்று அவனே காரணம் கூறிவிடுகின்றான். மறுமை பற்றிய நம்பிக்கை அவனிடம் இல்லை. மரணம் பறித்துக்கொள்ளுமுன் தானே செலவிட்டுத் தீர்க்கும் பந்தயம் அவனுடையது. அப்பந்தயத்தில் வாங்குபவனின் முகத்தைப் பார்க்க அவனுக்கு நேரமில்லை.

இனி ஸுஹைரிடம் வருவோம். எண்பதாண்டு வாழ்ந்தவன் சலிப்படைவான் என்று முஅல்லகாவில் கூறிய பெரியவர் அவர். ஆனால் நாம் குறிப்பிடுவது முஅல்லகாவை அன்று. ஃபஸாரா குலத்து ஹிஸ்ன் இப்னு ஹுதைஃபாவைப் புகழ்ந்து அவர் பாடிய மற்றொரு கஸீதாவை. அதன் முதற்பைத்து நம் மாணவர்க்குப் புதிதன்று. காதலின் மயக்கம் தெளிந்தது, இளமையின் குதிரைகளுக்குச் சேணம் இறக்கியாயிற்று என்ற பொருளுடைய அந்த அடியை, இஸ்திஆராவுக்கு உதாரணமாக ‘முக்தஸருல் மஆனீ’யில் எல்லோரும் ஓதியிருக்கின்றோம். குதிரையில்லாத இடத்தில் குதிரை வந்தது எப்படி என்று மணிக்கணக்கில் தர்க்கித்துமிருக்கின்றோம். கவிதை அங்கேயே முடிந்துவிட்டதென்றுதான் பலர் எண்ணம்!

அதே கஸீதா மேலும் செல்கின்றது. சேணம் இறக்கிய பிறகு மனிதனுக்கு என்ன இன்பம் எஞ்சுகின்றது என்பதற்கு ஸுஹைர் ஒரு முகத்தைக் காட்டுகின்றார். நீ ஹிஸ்னிடம் ஒன்று கேட்டுச் சென்றால் அவர் முகம் மலர்ந்து ஒளிவிடுமாம். நீ கேட்க வந்த பொருளை நீயே அவருக்குக் கொடுக்க வந்தாய் போலத் தோன்றுமாம். புகழ்ச்சிப் பாடல்கள் ஆயிரம் உண்டு, கடலென்பர், மழையென்பர். கடலுக்கும் மழைக்கும் முகமில்லை. வாங்க வந்தவனைக் கொடுப்பவனாகவும், கொடுப்பவரை வாங்குபவராகவும் இடம் மாற்றி நிறுத்திய இந்த நுட்பத்திற்கு ஈடு அரபு மத்ஹில் மிகக் குறைவு.

பரிசில் பெற்றுப் பாடியவர் புகழத்தானே செய்வார் என்று சிலர் எதிர்வாதம் புரியலாம். ஹரிம் இப்னு ஸினான், ஸுஹைர் தமக்கு முகமன் கூறும்போதெல்லாம் ஏதேனும் கொடுப்பதெனச் சத்தியம் செய்திருந்தாராம். இதனால் நாணிய ஸுஹைர், ஹரிம் அமர்ந்திருக்கும் அவைக்கு வந்தால், ஹரிமைத் தவிர மற்ற அனைவருக்கும் வாழ்த்து என்று கூறுவாராம்; உங்களுள் சிறந்தவரையே விலக்கினேன் என்றும் சேர்த்துக்கொள்வாராம். கொடுப்பவரின் சுமையைக் குறைப்பதில் இன்பம் கண்ட புலவரைக் கூலிக்குப் பாடியவரென்று தள்ளிவிட மனம் ஒப்பவில்லை.

மாணவர்கள் மற்றொரு கேள்வி கேட்பதுண்டு, அது கனமானது. கொடுப்பதிலே இன்பம் அடைந்துவிட்டால் அதற்குரிய கூலி இங்கேயே தீர்ந்துவிடாதா? ஏழைக்கும் அநாதைக்கும் கைதிக்கும் உணவளிப்போர் கைம்மாறும் நன்றியும் நாடுவதில்லை என்று திருமறையின் 76ஆம் அத்தியாயம் பேசுகின்றது. அங்கு விலக்கப்படுவது பெறுபவனிடமிருந்து எதிர்பார்க்கும் கூலி. கொடுப்பவன் உள்ளத்தில் தானே ஊறும் மகிழ்ச்சி அன்று. மேலும், சகோதரன் முகம் நோக்கிப் புன்னகைப்பதே ஸதகா என்ற நபிமொழி இருக்க, கொடுப்பவன் முகத்தைச் சுருக்கிக்கொள்வதை இக்லாஸ் என்று கற்பிப்பது எவ்வாறு பொருந்தும்? ஸகாத்தை வரிசையில் நிற்கவைத்து வெடுக்கெனக் கொடுக்கும் செல்வர்களை நாம் பார்த்ததில்லையா?

தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு இங்கே கீழக்கரை நினைவுக்கு வராமல் இராது. சீறாப்புராணம் பாட உமறுப் புலவரை ஊக்கிய வள்ளல் சீதக்காதி மறைந்தபின், படிக்காசுப் புலவர் கபுறடியில் நின்று அழ, மோதிரம் அணிந்த கை வெளிப்பட்டதென்று மக்கள் கூறுவர். ஹாத்திமுக்கும் இத்தகைய கதை உண்டு. அவர் கபுறருகே தங்கிய வழிப்போக்கன் விருந்து கேட்டு ஏளனம் செய்ய, இறந்தவர் கனவில் தோன்றி ஒட்டகம் அறுத்தாராம். விழித்தால் மடிந்து கிடந்தது அந்த வழிப்போக்கனின் ஒட்டகமே! பின்னர் மகன் அதீ வந்து வேறொன்று ஈடு கொடுத்தாராம். கபுறிலும் ஹாத்திமின் பழைய வழக்கம் போகவில்லை. கீழக்கரையில் வெளிவந்ததோ தம் விரலிலிருந்த தம் சொந்த மோதிரம். கதைகளின் உண்மையை ஆராய நாம் வரவில்லை. எந்த மக்கள் எவ்வாறு கற்பனை செய்தார்கள் என்பதே நமக்கு வேண்டியது. இரண்டிலும் முகம் தென்படவில்லை. அதைக் காண ஸுஹைரின் திவானுக்கே செல்லவேண்டியுள்ளது.

ஆகவே உஸ்தாதுகளை வேண்டுகின்றோம். அடுத்த முறை முக்தஸரில் அந்தக் குதிரைப் பைத்து வரும்போது, தர்க்கத்தைச் சற்றே சுருக்கி, திவானைத் திறந்து கஸீதாவின் மிச்சத்தையும் ஓதிக்காட்டுங்கள். தரஃபாவின் இரண்டாம் இன்பத்தை அதற்கு முந்தைய நாள் ஓதியிருந்தால் மாணவர்களே கேள்வி கேட்பார்கள்.