பாபிலோனும் முப்புரமும்

கிறித்தவ மறையின் இறுதி நூலாகிய வெளிப்படுத்தின விசேஷத்துள் இரு நகரங்கள் எதிரெதிராக நிறுத்தப்பட்டுள்ளன. ஒன்று செருக்கால் அழியும் பாபிலோன். மற்றொன்று விண்ணினின்று இறங்கும் புதிய எருசலேம். இவை வெறும் ஊர்ப்பெயரோ, குறிப்போ என்பது ஆராயற்பாலது.

பாபிலோனியர் கி.மு. 586-இல் எருசலேமை அழித்தனர். அவர்தம் நகரும் கி.மு. 539-இல் பாரசீகர் வசமாயிற்று. இந்நூலோ கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது என்பது அறிஞர் பலர் துணிபு. அப்பொழுது பாபிலோன் பெருமை குன்றிக் கிடந்தது. எருசலேம் ஆலயத்தைக் கி.பி. 70-இல் எரித்தது உரோமையரசு. ஏழு மலைகளின்மேல் வீற்றிருக்கும் பெண்ணாக அந்நகர் உருவகிக்கப்படுதலின், பாபிலோன் என்றது உரோமாபுரியையே என்பர். பழம்பகையின் பெயரைப் புதுப்பகைக்கு இட்டு, துன்புறும் அடியார்க்கு ஆறுதல் கூறியவாறு இது.

இக்குறிப்பை மறந்தோர் காலந்தோறும் புதிய பாபிலோனைத் தேடினர். 1980-களில் ஈராக்கில் சதாம் உசேன் பழம்பாபிலோனின் இடிபாடுகள்மேல் சுவரெழுப்பியபோது, தீர்க்கதரிசனம் நிறைவேறுகின்றது என்றாரும் உளர். இடத்தை இங்ஙனம் வரையறுப்பார் போலவே காலத்தை வரையறுத்தாரும் உண்டு. இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பை அடுத்த கிறிஸ்தியான்பேட்டையில், அருளப்பனார் தலைமையில் 1860-இல் எழுந்த பக்தியெழுச்சி திருவிதாங்கூரிலும் பரவிற்று. பின்னர் ஆண்டு ஜஸ்டஸ் ஜோசப் என்பார், கிறித்துவின் வருகை 1881-இல் நிகழுமென அறிவித்தார். ஆண்டு கழிந்தது, வருகை நிகழ்ந்திலது. நம்பினார்க்கு எய்தியது ஏமாற்றமே. பிழை குறிப்பினதன்று, அதனைக் கணக்காகக் கொண்டாரது.

புதிய எருசலேமின் நீளமும் அகலமும் உயரமும் ஒத்தன; ஒவ்வொன்றும் 12,000 ஸ்தாதி. எந்நகர் அங்ஙனம் அமையும்? சாலொமோன் எடுப்பித்த ஆலயத்தின் மகாபரிசுத்த ஸ்தலமும் மூவளவும் ஒத்து, 20 முழமாய் நின்றதே. ஆகவே நகர் முழுதும் கருவறை என்பதே கருத்து. அந்நகரில் தனியே ஆலயம் இல்லையென நூல் கூறுதலும் இதற்குச் சான்று. அம்மாவட்டத்துச் சிவகாசியில் இவ்வுண்மை எளிதின் விளங்கும். பாண்டிய மன்னன் காசியினின்று கொணர்ந்த இலிங்கம் நிலைபெற்றமையின் அப்பெயர் வந்தது என்பது தலவரலாறு. ஆண்டுக் கங்கை உண்டோ என வினவுவாரிலர். இறைவன் உறைவிடமே காசி.

முப்புரமாவது மும்மலச் செயலே எனத் திருமூலர் தெளிவித்தார். அந்நெறியில் பாபிலோனைத் தம்முள்ளே காண்டல் தகும். ஆயினும், அரசின் கொடுமையால் குருதி சிந்தினாரது அழுகுரலும் அந்நூலுள் ஒலிக்கின்றது. அதனைக் கேளாது அகப்பொருள் ஒன்றே கூறுவதும், அகப்பொருளை விடுத்து நிலப்படத்தில் நகர் தேடுவதும் குறையுரைகளே. இரண்டையும் ஒருங்கு கொள்வதே நடுநிலையாம்.